அம்மானுக்குப் போகலாமா

போன வாரம் தோழி ஒருத்தி போனில் கேட்டாள். "ஜோர்டானுக்கு டிக்கெட் பாத்து வச்சிருக்கேன். போகலாமா, வேண்டாமா? நீ போய்ட்டு வந்தவ, ஒரே வார்த்தையில சொல்லு." ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. ஒரு மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகும் மனதுக்குள் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் போனது 2024 நவம்பரில். காசாவில் போர் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தது. லெபனானில் தினமும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. நான் கிளம்ப ஐந்து வாரம் இருக்கும்போது, அக்டோபர் 1 மாலை, ஈரான் இஸ்ரேலை நோக்கி ஏவுகணைகளை வீசியது. அவற்றில் பல ஜோர்டானின் தலைக்கு மேலேதான் போயின. ஜோர்டான் சில மணி நேரம் வான்வெளியை மூடிவிட்டுத் திறந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 13 இரவும் இப்படித்தான். அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட ஒன்றின் பாகம் தலைநகர் அம்மானில் மர்ஜ் அல்-ஹமாம் பகுதித் தெருவில் வந்து விழுந்தது. அந்தப் படத்தை எனக்கு மூன்று பேர் அனுப்பினார்கள். மூவரும் கூடவே எழுதியிருந்த கேள்வி ஒன்றுதான்: இங்கேயா போகப் போகிறாய்?

அம்மா எதுவும் அனுப்பவில்லை. அம்மாவுக்கு அம்மான் என்ற ஊர்ப் பெயர் அப்போதே 34 வருடமாகத் தெரியும்.

மாமா அப்போது குவைத்தில் வேலையில் இருந்தார். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை உள்ளே வந்தது. போன் இணைப்பு போயிற்று, கடிதம் வரவில்லை. அம்மா 43 நாள் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் இருந்தாள். அந்த 43 என்ற எண்ணை அவள் இன்னும் சரியாகச் சொல்வாள். மாமா கூடச் சேர்ந்தவர்களோடு பஸ் பிடித்து, பஸ்ரா, பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்கு வந்து, ருவைஷித் பக்கம் பாலைவனத்தில் கூடாரத்தில் 11 நாள் கிடந்து, அம்மானிலிருந்து விமானம் ஏறினார். அந்த ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை இப்படி வந்த இந்தியர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் அளவுக்கு இருப்பார்கள். பெரும்பாலோர் அம்மான் வழியாகத்தான் வந்தார்கள். மாமாவிடம் மிஞ்சியது ஒரு சாம்பல் நிறக் கம்பளி. முகாமில் கொடுத்தது. கையில் எடுத்தால் சொரசொரவென்று இருக்கும், ஒரு ஓரம் அடுப்பு நெருப்பில் கருகியிருக்கும். இன்றும் அவர் பீரோவின் கீழ்த்தட்டில் மடித்து இருக்கிறது.

தமிழில் அம்மான் என்றாலே தாய்மாமன்தான். சின்ன வயதில் நான் அந்த ஊருக்கே மாமாவின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவைப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் இருப்பதுபோல எனக்கும் இருந்தது. அதற்கு அடியில் இந்த ஆசையும் இருந்தது. மாமாவிடம் ஒருமுறை "அம்மான் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "ஏர்போர்ட்டைப் பாத்தேன். ஊரைப் பாக்கல" என்றார்.

சரி, போகலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

வரைபடத்தை விரித்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். மேற்கே இஸ்ரேலும் மேற்குக் கரையும். வடக்கே சிரியா, கிழக்கே ஈராக், தெற்கே சவூதி. அம்மானுக்கும் ஜெருசலேமுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர். ஆனால் நான் படித்தும் யோசித்தும் புரிந்துகொண்டது என்னவென்றால், கிலோமீட்டர் கணக்கு பாதிதான் உதவும். 2022 நவம்பர் 15 அன்று உக்ரைன் எல்லையிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு போலந்துக் கிராமத்தில் ஏவுகணை விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதே நாளில் அதே போலந்தின் மற்ற ஊர்களில் லட்சக்கணக்கானவர்கள் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தார்கள். இதற்கு நேர்மாறாக, 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் போன எம்எச்17 விமானத்தில் இருந்த 298 பேரில் யாரும் போர் நடக்கும் இடத்துக்குப் போகவே இல்லை. கிழக்கு உக்ரைனுக்கு மேலே 33,000 அடியில் பறந்துகொண்டிருந்தார்கள். கீழே நடந்த போரின் ஏவுகணை ஒன்று தாக்கி அத்தனை பேரும் இறந்தார்கள். 32,000 அடி வரைக்கும்தான் வான்வெளியை மூடி வைத்திருந்தார்கள். அந்த ஆயிரம் அடி வித்தியாசத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானில் கிளம்பிய உக்ரைன் விமானத்தில் இறந்தவர்கள் 176 பேர். 2024 கிறிஸ்துமஸ் அன்று பாகுவிலிருந்து குரோஸ்னிக்குப் போன விமானத்தில் இறந்தவர்கள் 38 பேர்.

அதனால் போருக்குப் பக்கத்து நாட்டைப் பற்றிக் கேட்கும்போது, தரையைப் பற்றி எவ்வளவு கேட்கிறோமோ அவ்வளவு வானத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். எந்தப் பக்கமிருந்து உள்ளே போகிறோம், எந்த நேரத்தில், எந்த நாட்டுக்கு மேலே. நான் வளைகுடா வழியாக, தெற்கே சவூதியின் மேலாக வந்து, காலையில் இறங்கும் விமானமாகப் பார்த்து எடுத்தேன். அதே பாதையில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பறக்கும் நிறுவனமாக எடுத்தேன், ஒன்று ரத்தானால் அடுத்தது இருக்கும் என்று. முழுப் பயணமும் ஒரே டிக்கெட். பணம் மிச்சமாகிறது என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக எடுத்து, நடுவில் வான்வெளி மூடினால், இரண்டாவது விமானம் நம்மை மறந்துவிடும். இதைத் தோழியிடம் இரண்டு முறை சொன்னேன்.

அரசாங்கங்களின் பயண எச்சரிக்கைகளைச் சிலர் பயமுறுத்தல் என்று ஒதுக்குகிறார்கள், சிலர் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அவை வரைபடங்களாகப் பயன்பட்டன. நான் போன சமயம் அமெரிக்கா ஜோர்டானை நாலு படிகளில் இரண்டாவது படியில் வைத்திருந்தது, நாலாவதுதான் மிக ஆபத்து. ஆனால் உள்ளே போய்ப் படித்தால், சிரியா, ஈராக் எல்லையை ஒட்டிய பட்டைக்கும், ருவைஷித்தைத் தாண்டி ஈராக் எல்லைக்குப் போகும் நெடுஞ்சாலைக்கும் போகவே வேண்டாம் என்று இருந்தது. பிரிட்டனின் வரைபடத்திலும் எல்லையோரம் வேறு நிறம். மாமா கிடந்த இடம் போகக்கூடாத பக்கத்தில் விழுந்தது. பெட்ரா, வாடி ரம், அகபா எல்லாம் தெற்கே, இந்தப் பக்கம். ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி "பாதுகாப்பா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தச் சாலை, எந்த ஊர், எந்த வாரம் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கிறது.

அப்புறம் இன்சூரன்ஸ். இதில் நான் ஏறக்குறைய ஏமாந்திருப்பேன். பாலிசியை விற்றவர் "எல்லாமே கவர் ஆகும் மேடம்" என்றார். நான் 38 பக்கத்தையும் படுக்கையில் உட்கார்ந்து படித்தேன். 21ஆம் பக்கத்தில், அறிவித்த போரோ அறிவிக்காத போரோ, படையெடுப்போ, அதனால் வரும் எதற்கும் பணம் கிடையாது என்று தெளிவாக இருந்தது. பாலிசி எடுக்கும்போதே ஊருக்கெல்லாம் தெரிந்திருந்த நிலவரத்தால் பயணம் ரத்தானால் அதற்கும் கிடையாது. திரும்ப அழைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "கால் தடுக்கி விழுந்து எலும்பு முறிஞ்சா கிடைக்கும்" என்றார். அதுவும் தேவைதான், எடுத்துக்கொண்டேன். ஆனால் போரால் மாட்டிக்கொண்டால் ஹோட்டல் செலவும் புது டிக்கெட்டும் என் கைக்காசு. பத்து நாள் கூடுதலாக இருக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, அந்தப் பணத்தைத் தனியாக ஒதுக்கிய பிறகுதான் மேலே யோசித்தேன். அதை ஒதுக்க முடியவில்லை என்றால் போயிருக்க மாட்டேன்.

வெளியே வரும் வழியையும் பார்த்து வைத்தேன். வானம் மூடினால் அகபாவிலிருந்து எகிப்தின் நுவைபாவுக்குக் கப்பல் உண்டு. சவூதிக்குச் சாலை உண்டு. ஆனால் வழி இருந்து பயனில்லை, அந்த நாட்டு விசா வேண்டுமே. எந்தக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கதவாக இருப்பது இன்னொருவருக்குச் சுவர். வெள்ளைக்காரப் பயணிகள் எழுதும் குறிப்புகளில் இது வராது. அவர்கள் "எல்லையைத் தாண்டிவிட்டோம்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு அம்மா சொன்னாள்: "நானும் வரேன்."

நான் எதிர்பார்க்கவே இல்லை. தம்பி வந்த வழியை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரைக்கு ஊசி, இதயத்துக்கு மூன்று மாத்திரை. ஒரு நாள் தவறினாலும் தெரியும். நான் இரண்டு நாள் மனதில் போட்டு உருட்டினேன். அதே ஊர், அதே வாரம், அதே விமானம். எனக்குச் சரி என்று பட்டது அவளுக்குச் சரி என்று படவில்லை. நான் மாட்டிக்கொண்டால் பத்து நாள் ஹோட்டல் அறையில் புத்தகம் படித்துக்கொண்டு இருப்பேன். அவள் மாட்டிக்கொண்டால் ஏழாம் நாள் மருந்துக்கு அலைய வேண்டும், விமான நிலையத் தரையில் இரவு படுக்க வேண்டியிருக்கும். வேண்டாம் என்று சொன்னேன். கோபப்பட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. அந்த முடிவில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை, வருத்தம் மட்டும் இருக்கிறது. தோழி தன் ஆறு மாதக் குழந்தையையும் கூட்டிப் போவதாகச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

அம்மாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். தினமும் காலை ஒன்று, இரவு ஒன்று, இரண்டு செய்தி. சும்மா "இருக்கேன்" என்று போட்டால் போதும். போருக்குப் பக்கத்தில் போகிறவருக்கு நிலைமை கண்ணெதிரே தெரியும். தெருவில் கடை திறந்திருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன, மனம் அடங்கிவிடும். வீட்டில் இருப்பவருக்கு டிவியின் சிவப்பு வரைபடம் மட்டும்தான் தெரியும். அந்தப் பயணத்தில் போரை அதிகம் சுமந்தது அம்மாதான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 9 காலை அம்மானில் இறங்கினேன். ஜோர்டான் பாஸ் என்று ஒன்று 70 தினாருக்கு முன்பே வாங்கியிருந்தேன், மூன்று இரவு தங்கினால் விசாவுக்கான 40 தினார் தனியாகக் கட்ட வேண்டாம், பெட்ரா நுழைவும் அதிலேயே சேர்த்தி. விமான நிலையத்தில் வரிசையே இல்லை.

டாக்ஸி ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அரபி தெரியாது, ஆனால் காசா ஊர்ப் பெயர்கள் புரிந்தன. ஜபாலியா. பெய்த் லாஹியா. நான் காதுகொடுப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என் அக்கா அங்கே இருக்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று கேட்டேன். ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து விரல்களை விரித்துக் காட்டினார், பிறகு இன்னொரு முறை விரித்துக் காட்டினார். பத்து நாள். பிறகு வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. ரேடியோவின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தார், நான் விருந்தாளி என்பதற்காக. அதைத் திரும்பக் கூட்டச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஜோர்டானில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வேர் பாலஸ்தீனத்தில்தான் என்பார்கள். அவர்களுக்கு இந்தப் போர் பக்கத்து நாட்டுச் செய்தி கிடையாது, குடும்பத்துச் சாவு. அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு சுற்றலாமா என்ற கேள்வி, பாதுகாப்புக் கேள்வியைவிட என்னை அதிகம் உறுத்தியது. இதற்கு நானாக ஒரு பதிலைக் கிளம்பும் முன்பே தயாரித்துக்கொள்ளவில்லை. பெட்ராவில்தான் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது.

பெட்ராவுக்குள் போகும் சீக் என்ற பிளவு 1.2 கிலோமீட்டர் நீளம். இரண்டு பக்கமும் பாறை நெட்டுக்குத்தாக எழும்பி நிற்கும், மேலே ஒரு கீற்று வானம். நல்ல நாட்களில் அதற்குள் ஆள்மேல் ஆள் இடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று படித்திருந்தேன். காலை ஏழு மணிக்கு நான் நடந்தபோது என் செருப்புச் சத்தம் பாறையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. முடிவில் கஸ்னா, அந்தச் சுமார் 40 மீட்டர் உயரச் சிவப்பு முகப்பு, அதன் முன்னால் ஒட்டகங்கள் படுத்திருந்தன, ஒட்டகக்காரர்கள் நின்றிருந்தார்கள், பார்க்க வந்தவர்கள் ஆறு பேர். 2023இல் பெட்ராவுக்கு வந்தவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். 2024இல் ஐந்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. பெட்ராவை ஒட்டிய ஊரான வாடி மூஸாவில் பல ஹோட்டல்கள் கதவடைத்துக் கிடந்தன.

மேலே மடாலம் என்று சொல்லும் அல்-தெய்ருக்கு ஏறக்குறைய 800 படி. பாதி வழியில் ஒரு பெண் தேநீர்க் கடை போட்டிருந்தாள். கெட்டில் கரிபிடித்திருந்தது, கண்ணாடித் தம்ளர்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து வெயிலில் வரிசையாக வைத்திருந்தாள், பன்னிரண்டு தம்ளர். ஒன்றில்தான் தேநீர் ஊற்ற வேண்டியிருந்தது, எனக்கு. மற்ற பதினொன்றையும் எதற்குத் துடைத்தாள் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். "இன்று நீதான் முதல் ஆள்" என்றாள். மணி பத்தரை. நான் அவளிடம், இந்த நேரத்தில் நாங்கள் வருவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். புரிந்துகொள்ளச் சற்று நேரம் எடுத்தது. பிறகு சொன்னாள்: "போர் அங்கே. பசி இங்கே." தம்ளரை வாங்கித் திரும்பவும் கழுவி, துடைத்து, வரிசையில் வைத்தாள்.

போவது புண்ணியம் என்று இதிலிருந்து நான் முடிவு கட்டவில்லை. அவளுக்காகத்தான் போனேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் போகாமல் இருப்பதால் நம் மனசாட்சிக்கு மட்டும்தான் இதம், அந்தப் பதினொரு தம்ளருக்கு ஒன்றும் ஆகாது என்பதை நேரில் பார்த்தேன். போனால் அடக்கமாக இருக்க வேண்டும் என்பதும் சேர்த்துத்தான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அம்மான் பழைய நகரத்தில் ஹுசைனி பள்ளிவாசல் பக்கம் அப்போது காசாவுக்காக ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்தன. அங்கே வேடிக்கை பார்க்கப் போகவில்லை, கேமராவைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. அது மற்றவர்களின் துக்கம். சாக்கடலோரம் ஒரு இரவு தங்கினேன். எதிர்க்கரையில், மேற்குக் கரைப் பக்கம், வரிசையாக விளக்குகள். நடுவில் ஒருமுறை எங்கோ உயரத்தில் போர் விமானம் போகும் இரைச்சல். ஹோட்டல் ஊழியர் வானத்தைப் பார்க்கவே இல்லை, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் வெகுநேரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு அம்மாவுக்கு "இருக்கேன்" என்று போட்டபோது விளக்குகளைப் பற்றி எழுதவில்லை.

17ஆம் தேதி திரும்பினேன். சரியாக ஒரு வாரம் கழித்து, 24ஆம் தேதி, அம்மானில் இஸ்ரேல் தூதரகம் இருக்கும் ராபியா பகுதியில் துப்பாக்கிச் சூடு, மூன்று போலீஸார் காயம். அதற்கு இரண்டு வாரம் கழித்து டிசம்பர் 8 அன்று சிரியாவில் அசாத் ஆட்சி கவிழ்ந்தது. நான் கிளம்பும் முன் படித்த எந்தக் குறிப்பிலும் அது இல்லை. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது ஜோர்டான் வானம் மறுபடி மூடியது, அம்மானில் அபாயச் சங்கு ஒலித்தது. பத்தே நாளில், ஜூன் 23 அன்று, கத்தார் வானமும் மூடியது. பாதுகாப்பான மாற்று வழி என்று நான் நம்பி எடுத்த வளைகுடாவே மூடிய நாள் அது. அந்த மாதம் ஈரானிலிருந்த இந்திய மாணவர்கள் சாலை வழியாக ஆர்மீனியாவுக்குப் போய், யெரெவானிலிருந்து விமானம் ஏறினார்கள். 1990இல் அம்மான் செய்த வேலையை யெரெவான் செய்தது. நாம் சுற்றுலாவுக்குப் போகலாமா என்று யோசிக்கும் இந்தப் பக்கத்து நாடுகள், உள்ளே மாட்டியவர்களுக்குத் தப்பிக்கும் வாசல். அந்த ஜூனில் நான் அங்கே இருந்திருந்தால், ஒதுக்கி வைத்த பத்து நாள் பணத்தோடு வாடி மூஸாவில் காத்திருந்திருப்பேன்.

தோழியிடம் கடைசியில் இவ்வளவுதான் கேட்டேன்: பத்து நாள் அங்கேயே மாட்டிக்கொண்டால் குழந்தைக்குப் பாலும் மருந்தும் உனக்குப் பணமும் இருக்குமா, வீட்டில் உனக்காக யார் விழித்திருப்பார்கள்? யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இப்போதைக்குத் தான் மட்டும் போவதா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதா என்று பார்க்கிறாளாம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ருவைஷித்துக்கு நான் போகவில்லை. அஸ்ரக் வரைக்கும் போனேன், பாலைவனக் கோட்டைகளைப் பார்க்க. ஊரைத் தாண்டி ஓரிடத்தில் சாலை பிரிகிறது. பலகையில் ஒரு அம்புக்குறி சவூதிக்கு, ஒன்று ஈராக்குக்கு. டிரைவரை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தேன். இருபக்கமும் கருங்கல் சிதறிய வெறும் தரை, ஒரு டேங்கர் லாரி மட்டும் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

மாமாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, பலகையை விட்டுவிட்டு அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்ரா படங்கள் நூறு இருந்தன, அவற்றைக் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்க இப்ப தண்ணி கிடைக்குதா?" என்று கேட்டார்.

கிடைக்குது மாமா என்றேன்.